இடைவேளை யாருடையது?

1

மூன்றரை மணி நேரப் படம் ஒன்றைத் தியேட்டரில் நடுவே நிறுத்தலாமா கூடாதா என்று 2023 அக்டோபரில் மேற்கே ஒரு சச்சரவு நடந்தது. படம் மார்ட்டின் ஸ்கோர்ஸேஸியின் 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்', 206 நிமிடம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில தியேட்டர்காரர்கள் தங்களுக்குத் தோன்றிய ஓர் இடத்தில் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, இடைவேளை விட்டார்கள். படத்துக்கு உரியவர்கள் தலையிட்டு அதை நிறுத்தச் சொன்னார்கள். ஸ்கோர்ஸேஸியோடு பல பத்தாண்டுகளாக வேலை செய்துவரும் எடிட்டர் தெல்மா ஷூன்மேக்கர் இதை அத்துமீறல் என்றார். மறுபக்கத்திலிருந்து, மனிதனுக்கு மூத்திரப்பை என்று ஒன்று உண்டு, மேதைகள் அதை மறந்துவிடக் கூடாது என்ற ரீதியில் பதில்கள் வந்தன. கலையின் புனிதம் ஒரு கட்சி, உடம்பின் நியாயம் ஒரு கட்சி. இரண்டு வாரம் எழுதித் தீர்த்துவிட்டு எல்லோரும் அடுத்த சச்சரவுக்குப் போய்விட்டார்கள்.

அதே படத்தை நான் இங்கே பார்த்தபோது இடைவேளை விட்டார்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் நின்று விளக்கு எரிந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. எழுந்து போனோம், வரிசையில் நின்றோம், காகிதக் குவளையில் காப்பி வாங்கினோம், திரும்பி வந்து உட்கார்ந்தோம். பேசிக்கொண்டிருந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். அங்கே அத்துமீறல் என்று பெயர் பெற்ற காரியம் இங்கே மின்விசிறி சுற்றுவதைப்போல நடந்தது. நானும்தான் முணுமுணுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் என்னை உறுத்தியது.

நீளமான படங்களுக்கு இடைவேளை வேண்டுமா என்பது தோற்றத்தில் ஒரு சௌகரியப் பிரச்னை. இடைவேளை எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, யார் எடுத்துக்கொண்டது என்று பார்த்துக்கொண்டு போனால் அது சௌகரியத்தோடு முடிகிற விஷயமாக இல்லை. ஒரு படைப்பின் காலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியில் கொண்டுபோய் விடுகிறது.

2

முதலில் இயந்திரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஃபிலிம் என்பது அடிக்கணக்கில் அளக்கப்பட்ட பொருள். 35 மில்லிமீட்டர் பேசும் படம் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அடிக்கு 16 ஃபிரேம். நிமிடத்துக்கு 90 அடி. 1,000 அடி கொண்ட ஒரு ரீல் பதினொரு நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடி முடிந்துவிடும். ஸ்கோர்ஸேஸியின் படத்தை இந்தக் கணக்கில் அளந்தால் 18,500 அடிக்குக் கொஞ்சம் கூட வரும். அத்தனையையும் ஒரே சுருளாகத் தாங்கும் சாதனம் பழைய ப்ரொஜக்டர் அறையில் கிடையாது. ஆகவே படம் துண்டு துண்டாகத்தான் ஓடியது. வசதியுள்ள தியேட்டர்களில் இரண்டு ப்ரொஜக்டர்கள் இருக்கும். ஒன்றில் ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். ஆபரேட்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்து மற்றதைக் கிளப்புவார். கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இடையறாத ஓட்டம் என்று அவன் நம்பியது, மேலே ஒரு மனிதன் கண் இமைக்காமல் செய்துகொண்டிருந்த வேலை.

இரண்டாவது ப்ரொஜக்டர் இல்லாத இடத்தில் இந்த நம்பிக்கைக்கு வழியே இல்லை. நம் டூரிங் டாக்கீஸ்களில் படம் முடிவதற்குள் இரண்டு மூன்று தடவை விளக்கு எரியும். மண்ணைக் குவித்து உயரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு முறுக்கும் சோடாவும் அந்த வெளிச்சத்தில்தான் வந்தன. கதாநாயகி கிணற்றுக்குள் குதிக்கப் போகும் தருணத்தில் ரீல் தீர்ந்துபோனால் அவள் குதிக்காமல் காத்திருக்க வேண்டியதுதான். அந்த இடைவேளைகளுக்கு அழகியல் ஒன்றும் கிடையாது. அவை இயந்திரத்தின் மூச்சு.

இயந்திரத்துக்கு அடுத்தபடி அரசாங்கம். இரண்டாம் உலக யுத்தத்தில் கச்சா ஃபிலிம் தட்டுப்பாடு வந்தபோது, 1942ல், இந்தியாவில் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று விதித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே. அதுவரை 15,000 அடியைத் தாண்டுவது சகஜமாக இருந்த படங்கள் ஒரே உத்தரவில் குறுகின. அதே காலத்தில் பிரான்ஸில் விஷி அரசாங்கம் ஒரு படத்துக்கு 90 நிமிடம் என்று எல்லை வைத்திருந்தது. மார்ஸெல் கார்னே 'சொர்க்கத்தின் குழந்தைகள்' படத்தை இரண்டு பாகமாக அமைத்ததற்கு அது ஒரு காரணம். 1945ல், விஷி விழுந்த பிறகு, படம் வெளிவந்தபோது இரண்டு பாகங்களையும் ஒரே காட்சியில் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். சட்டத்துக்காகப் பிளந்த இடம் கலைஞனுக்கு உரிய இடைவேளையாக மாறியது. இடைவேளையின் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த சம்பவம் இது. வெளியிலிருந்து திணிக்கப்பட்ட ஒன்றை எடுத்துத் தன் உருவத்தின் பகுதியாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

3

கார்னே தனி மனிதராகச் செய்ததை ஹாலிவுட் ஒரு முறையாகவே வைத்திருந்தது. 'ரோட்ஷோ' என்று பெயர். பெரிய நகரங்களில் ஒரே ஒரு தியேட்டர், நாளைக்கு இரண்டு காட்சி, எண் போட்ட இருக்கை, அச்சடித்த நிகழ்ச்சிப் புத்தகம். திரை விலகுவதற்கு முன்னால் சங்கீதம், நடுவில் இடைவேளை, அது முடியும்போது மறுபடி சங்கீதம். நாடகத்திலிருந்தும் ஆபெராவிலிருந்தும் கடன் வாங்கிய ஜோடனை என்று ஒதுக்கிவிடலாம். கௌரவத்தை விலைக்கு விற்கிற வியாபாரம் அதில் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் இந்த ஏற்பாட்டில் இடைவேளை எங்கே வருகிறது என்பதைப் படத்தை எடுத்தவர்கள் தீர்மானித்தார்கள். 'கான் வித் தி விண்ட்' (1939) முதல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) வரை அந்த இடம் பிரதியிலேயே குறிக்கப்பட்டிருந்தது. தியேட்டர்காரன் தேடவேண்டிய அவசியமில்லை.

இதைக் குப்ரிக் எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்க்கலாம். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தில் விண்வெளி வீரர்கள் இரண்டு பேர், ஹால் என்ற கம்ப்யூட்டரின் காதில் விழாமல் பேசுவதற்காக ஒரு சிறிய கலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அதன் இணைப்பைத் துண்டித்துவிடலாமா என்று ஆலோசிக்கிறார்கள். ஹாலின் சிவப்புக் கண்ணை ஒரு முறை காட்டுகிறார் குப்ரிக். அடுத்து, கண்ணாடிக்கு அப்பால் இரண்டு ஜோடி உதடுகள். சப்தம் இல்லை. பார்வை ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு நகர்கிறது. இயந்திரம் உதடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று நமக்குப் புரிகிற கணத்தில் இடைவேளை. அந்த இரண்டு மனிதர்களுக்கும் தெரியாத ஒன்றைச் சுமந்துகொண்டு நாம் வெளியே போகிறோம். விளக்கொளியில், பலகாரக் கடை இரைச்சலில், அந்த நிசப்தம் நம்மோடு கூட வருகிறது. இங்கே படம் நின்றுவிட்டது என்று சொல்வது சரியல்ல. திரையில் நின்று, பார்வையாளனுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இடைவேளையை நீக்கிக் காட்டினால் படத்திலிருந்து ஒரு ஸீனை வெட்டியதாகத்தான் கொள்ள வேண்டும்.

குரோஸவாவின் 'ஏழு சாமுராய்' (1954) 207 நிமிடம், ஸ்கோர்ஸேஸியின் படத்துக்கு ஒரு நிமிடம் கூட. கிராமத்தைக் காப்பதற்காக, பாலத்துக்கு அப்பால் இருக்கும் சில வீடுகளைக் கைவிட வேண்டும் என்று முடிவாகிறது. அந்த வீட்டுக்காரர்கள் ஈட்டிகளை எறிந்துவிட்டு வரிசையை விட்டுப் போகிறார்கள். சாமுராய்களின் தலைவன் கம்பேய் வாளை உருவிக்கொண்டு ஓடி அவர்களைத் திருப்பி விரட்டுகிறான். தன்னை மட்டும் நினைக்கிறவன் தன்னையும் அழித்துக்கொள்வான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறான். அதற்குப் பிறகு இடைவேளை. திரும்பி வந்தால் அறுவடை. எல்லோரும் குனிந்து கதிர் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். பயத்தால் சிதறவிருந்த ஒரு கூட்டம், கூட்டமாக வேலை செய்யக் கற்றுக்கொள்ள எடுத்த காலத்தைக் குரோஸவா காட்டவில்லை. அதை இடைவேளைக்குள் வைத்துவிட்டார். நாம் வெளியே நின்ற நேரத்தில் அது நடந்துவிட்டது.

நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் கடைசிச் சீர் தனியே நிற்கும். அச்சில் ஒரு சிறு கோடு போட்டுப் பிரித்துக் காட்டுவார்கள். படிக்கிறவன் அந்த இடத்தில் நின்றுதான் மேலே போக வேண்டும். ஆனால் அந்தத் தனிச்சொல் எதுகையால் முன்னே கட்டுண்டது, சீர்க்கணக்கிலும் சேர்ந்தது. அதை விட்டுவிட்டு வாசித்தால் வெண்பா கெட்டுவிடும். குரோஸவாவின் இடைவேளையும் குப்ரிக்கின் இடைவேளையும் இந்த ஜாதி. கணக்கில் சேர்ந்த நிறுத்தம். காப்பி விற்க வேண்டும் என்பதற்காக ஒரு பேச்சின் நடுவில் விளக்கைப் போடுவது வேறு ஜாதி. அது அறுப்பு. இரண்டுக்கும் நாம் இடைவேளை என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டிருக்கிறோம். குழப்பத்தில் பாதி அந்த வார்த்தையிலிருந்து வருகிறது.

4

இவ்வளவு பயனுள்ள ஒரு சாதனத்தை மேற்கு ஏன் கைவிட்டது? கலைஞர்கள் அதை எதிர்த்துப் போராடியதாக நான் எங்கும் படித்ததில்லை. 1970களில் ரோட்ஷோ முறை நலிந்தது. ஒரு பெரிய தியேட்டர் இருந்த இடத்தில் ஒரே கூரையின் கீழ் நான்கு, ஆறு, எட்டுத் திரைகள் வந்தன. பிளாட்டர் என்ற சாதனம் பரவியது. எல்லா ரீல்களையும் ஒன்றாக ஒட்டி, ஒரு பெரிய கிடைத்தட்டில் சுருட்டி வைத்து, நிறுத்தாமல் ஓட்டலாம். ஒரே ஆபரேட்டர் பல திரைகளைக் கவனித்துக்கொள்ளலாம். இடைவேளைக்கு இயந்திரக் காரணம் போயிற்று. கூடவே, நாளைக்கு எத்தனை காட்சி என்ற கணக்கில் பதினைந்து நிமிடம் நஷ்டம் என்ற நினைப்பும் வந்தது. மூன்று மணி பத்து நிமிடம் ஓடிய 'காந்தி' (1982) இடைவேளையோடு வந்தபோதே அது பழைய வழக்கமாகத் தெரிந்தது.

ஆகவே இன்று மேற்கே புனிதம் என்று பேசப்படும் இடையறாத காட்சி, பெரும்பாலும் தட்டும் சுருளும் கணக்குப் புத்தகமும் சேர்ந்து கொடுத்த கொடை. ஷூன்மேக்கரின் கோபம் நியாயமானது. படத்தை உருவாக்கியவர்கள் வைக்காத இடத்தில் வேறு யாரோ கத்தி வைத்தார்கள். ஆனால் அவருக்கு ஆதரவாகப் பேசியவர்களில் பலர், இடைவேளை என்பதே ஸினிமாவுக்கு அன்னியமான ஒரு அநாகரிகம் என்கிற அளவுக்குப் போனார்கள். சரித்திரம் தெரியாத பக்தி அது.

நீளமான படத்தின் உண்மையான விரோதி யார் என்பதையும் சரித்திரம் சொல்லுகிறது. எரிக் வான் ஸ்ட்ரோஹைம் 'க்ரீட்' படத்தை முதலில் 42 ரீல்களாகத் தொகுத்தார். தானே 24 ஆகக் குறைத்தார். இரண்டு பகுதிகளாகக் காட்டலாம் என்பது அவர் எண்ணம். நண்பரான டைரக்டர் ரெக்ஸ் இங்க்ரமின் உதவியோடு அது 18 ஆயிற்று. ஸ்டூடியோ அதை மேலும் வெட்டி, 10 ரீலாக 1924 டிசம்பரில் வெளியிட்டது. வெட்டிய பகுதி அழிந்துவிட்டது. நடுவில் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று அன்று யாராவது ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் படம் நமக்குக் கிடைத்திருக்கும். அறுபது ஆண்டுகள் கழித்தும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஸெர்ஜியோ லியோனேயின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா' 1984ல் ஐரோப்பாவில் 229 நிமிடம் ஓடியது. அமெரிக்காவில் அதை 139 நிமிடமாக நறுக்கி, முன்னும் பின்னுமாகப் பின்னியிருந்த காலத்தைப் பிரித்து வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். 'ஏழு சாமுராய்' கூட வெளிநாடுகளில் பல ஆண்டுகள் சுமார் 160 நிமிடப் பிரதியாகத்தான் உலவியது. இடைவேளையை மறுக்கும் வியாபாரம் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும். பார்வையாளன் நீண்ட நேரம் உட்கார மாட்டான் என்றால் அவனை நடுவில் எழுந்து நிற்க விடுவது ஒரு வழி, படத்தைக் குட்டையாக்குவது இன்னொரு வழி. எழுந்து நிற்பதால் யாரும் எதையும் இழப்பதில்லை.

மிக நீண்ட படங்களை எடுத்தவர்கள் இதில் முரண்டு பிடித்ததும் இல்லை. க்ளோத் லன்ஸ்மானின் 'ஷோவா' (1985) ஒன்பது மணி 26 நிமிடம், இரண்டு பகுதிகள். பேலா தாரின் 'ஸாட்டன்டாங்கோ' (1994) ஏழு மணி நேரத்துக்கு மேல். 2025ல் நோபல் பரிசு பெற்ற லாஸ்லோ க்ராஸ்னஹோர்காயின் நாவலிலிருந்து எடுத்தது. பொதுவாக இரண்டு இடைவேளைகளோடு காட்டப்படுகிறது. ஃபிலிப்பைன்ஸின் லாவ் டியாஸ் எடுத்த 485 நிமிடப் படம் ஒன்று 2016ல் பெர்லின் விழாவில் போட்டிப் பிரிவில் வந்தது. நடுவில் ஒரு மணி நேரம் விட்டார்கள். இந்த அளவு காலத்தைக் கேட்கிற கலைஞன் பார்வையாளனின் உடம்பையும் ஒப்புக்கொள்கிறான். ஒரு நாள் முழுவதும் ஒருவனைத் தன்னோடு இருக்கச் சொல்கிறவன் அவனுக்குச் சாப்பாட்டு வேளை உண்டு என்று தெரியாதவனாக இருக்க முடியாது.

5

இவ்வளவையும் சொல்லிவிட்டு, என் வாதத்துக்கு நேர் எதிராக நிற்கும் ஒரு படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் வழக்கறிஞனாகிவிடுவேன்.

ஷாண்டால் அகெர்மானின் 'ழான் தீல்மான்' (1975), 201 நிமிடம். ப்ரஸல்ஸ் நகரத்தில் மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள். சமையல், பாத்திரம் கழுவுதல், படுக்கை விரித்தல், கடைக்குப் போதல். பிற்பகலில் பணத்துக்காக ஓர் ஆண் வந்து போவதும் அந்த ஒழுங்கில் இன்னொரு வேலை. காமிரா அசைவதில்லை. வேலை எவ்வளவு நேரம் எடுக்குமோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் பார்க்கிறோம். முதல் நாள் முடிந்தது என்று திரையில் எழுத்து வருகிறது. வேண்டுமென்றால் அங்கே விளக்கைப் போடலாமே என்று தோன்றும். போட்டால் படம் செத்துவிடும்.

ஏனென்றால் இரண்டாம் நாளில் நடப்பது இவ்வளவுதான். உருளைக்கிழங்கு அளவுக்கு மேல் வெந்துவிடுகிறது. பணம் போட்டு வைக்கும் பாத்திரத்தின் மூடி திறந்தபடி இருக்கிறது. அணைக்க வேண்டிய ஒரு விளக்கை அவள் அணைக்கவில்லை. இவற்றை ஒரு பேரழிவின் தொடக்கமாக நாம் உணர வேண்டுமானால் முதல் நாளின் ஒழுங்கு நம் உடம்பிலேயே ஏறியிருக்க வேண்டும். அலுப்போடு, முதுகுவலியோடு, எப்போது எழுந்திருப்போம் என்ற பொறுமையின்மையோடு ஏறியிருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் வெளியே போய் வந்தவனுக்கு அது வெந்துபோன உருளைக்கிழங்கு மாத்திரமே. அவன் கதையைத் தொடர்ந்து புரிந்துகொள்வான், ஒன்றையும் தவறவிட்டதாக அவனுக்குத் தோன்றாது. ஆனால் படம் அவனிடம் வந்து சேராது.

ஸ்கோர்ஸேஸியின் படமும் இதுவும் நீளத்தில் ஐந்து நிமிட வித்தியாசம். ஆகவே இத்தனை நிமிடத்துக்கு மேல் போனால் இடைவேளை விடலாம் என்று ஒரு பொது விதி போட முடியாது. அடிக்கணக்கு ஃபிலிமுக்கு உண்டு, அனுபவத்துக்குக் கிடையாது. அகெர்மான் இடைவேளை வைக்காதது குரோஸவா வைத்ததைப் போலவே ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானத்தின் முன்னால் என் முதுகுவலிக்கு வாக்குரிமை இல்லை. முடியாதவன் எழுந்து போகலாம், அது அவன் சுதந்திரம். தனக்காக எல்லோருக்கும் விளக்கைப் போடச் சொல்வது சுதந்திரம் ஆகாது.

6

இப்போது நம் பக்கம் வருவோம். மேற்கே நடந்த விவாதத்தை அப்படியே இறக்குமதி செய்துகொண்டு இடைவேளை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நாம் கட்சி கட்டுவது அபத்தம். அங்கே இடைவேளை இல்லாமல் போய் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இங்கே அது இல்லாத நாள் இருந்ததில்லை.

ரீல் மாற்றும் அவசியம் நம் ஊரிலும் எப்போதோ போய்விட்டது. இன்று ஃபிலிமே இல்லை, ஸர்வரில் பதிந்த எண்கள்தான் ஓடுகின்றன. இயந்திரம் மூச்சு வாங்குவதை நிறுத்திய பிறகும் நாம் மூச்சு வாங்குகிறோம். காரணம் வெளியே கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. டிக்கெட்டை விடச் சோளப்பொரியில் லாப விகிதம் அதிகம், சோளப்பொரி விற்பது இடைவேளையில். இதனால் 90 நிமிடப் படத்துக்கும் இடைவேளை, நான்கு மணி நேரப் படத்துக்கும் இடைவேளை. ராஜ் கபூரின் 'சங்கம்' (1964), 'மேரா நாம் ஜோக்கர்' (1970) போன்றவற்றுக்கு இரண்டு. அனுராக் காஷ்யப்பின் 'கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்' 2012ல் கான் நகரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரே படமாகக் காட்டப்பட்டது. இங்கே அதை இரண்டு படங்களாகப் பிரித்து வெளியிட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைவேளை. 2011ல் 'தோபி காட்' இடைவேளை இல்லாமல் வெளியானபோது அது செய்தியாயிற்று. ஒரு படம் தொடங்கி முடியும் வரை ஓடுவது செய்தியாகிற தேசம் நம்முடையது.

தமிழில் இதன் உச்சத்தைப் பார்த்திபனின் 'இரவின் நிழல்' (2022) படத்தில் கண்டோம். சுமார் ஒன்றரை மணி நேரம் ஒரே ஷாட்டில் எடுத்த படம். வெட்டே இல்லை என்பதுதான் அதன் ஆதாரம், அதன் பெருமை. தியேட்டரிலோ இடைவேளை வேண்டும். ஒரே ஷாட்டை எங்கே நிறுத்துவது? படம் எப்படி எடுக்கப்பட்டது என்று அரை மணி நேரம் முதலில் காட்டி, அதற்குப் பிறகு இடைவேளை விட்டு, அப்புறம் படத்தைத் தொடங்கினார்கள். பார்த்திபனின் சாமர்த்தியத்தைப் பார்த்துச் சிரித்தேன். வெளியே வந்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் அதில் சந்தோஷமில்லை. வெட்டில்லாத படத்தை எடுக்கத் துணிந்த ஒருவருக்கு, இடைவேளை இல்லாமல் அதைக் காட்டும் துணிவு கிடைக்கவில்லை. அந்தத் துணிவு அவர் கையில் இருப்பதும் அல்ல.

இது காட்சிமுறையோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். கட்டாய இடைவேளை உருவத்துக்குள் புகுந்துவிட்டது. 'இன்டர்வல் பிளாக்' என்று ஒரு சொல் நம் ஸினிமாக்காரர்களிடம் புழங்குகிறது. கதை பிறப்பதற்கு முன்னாலேயே, நடுவில் ஒரு வெடி வைக்க வேண்டிய இடம் தீர்மானமாகிவிடுகிறது. அதுவரை உள்ளவை அந்த வெடிக்குத் திரி, அதற்குப் பின்னால் உள்ளவை புகை. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஓர் அனுபவத்தை இந்தச் சட்டத்துக்குள் எழுதவே முடியாது. எழுதினால் தயாரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, இன்டர்வலில் என்ன?

பார்வையாளனும் அப்படியே ஆகிவிட்டான். எந்தப் படத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் வருகிற பதிலைக் கவனித்துப் பாருங்கள். முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை. அல்லது, முதல் பாதி சுமார், இரண்டாம் பாதியில் தூக்கிவிட்டான். பத்திரிகை விமர்சனங்களிலும் இதே சூத்திரம். ஒரு படத்தை முழுமையாக மனத்தில் வைத்துக்கொண்டு பேசும் பாஷை நமக்கு உருவாகவே இல்லை. இரண்டு பாதிகளைத் தராசில் வைக்கிற பாஷைதான் உருவாகியிருக்கிறது. நாவலைப் படித்துவிட்டு இப்படி யாரும் பேசுவதில்லை. தெருக்கூத்து இரவு முழுவதும் நடக்கிறது. பார்க்கிறவன் நடுவில் தூங்குகிறான், டீ குடிக்கப் போகிறான், துகிலுரிதலுக்கு விழித்துக்கொள்கிறான். அவனும் முதல் பாதி, இரண்டாம் பாதி என்று பேசுவதில்லை. அவன் தன் இடைவேளைகளைத் தானே எடுத்துக்கொண்டான். கூத்து யாருக்காகவும் நின்றதில்லை, அதனால் யாருக்காகவும் இரண்டாகவும் ஆனதில்லை.

7

2024ல் வெளியான ப்ரேடி கார்பேயின் 'தி ப்ரூட்டலிஸ்ட்' இடைவேளையையும் சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்தப் பதினைந்து நிமிடம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. திரையில் ஒரு பழைய கல்யாணப் புகைப்படம் நிற்கும், நிமிடமும் வினாடியும் குறைந்துகொண்டு வரும். யூத அழிப்பிலிருந்து தப்பி அமெரிக்கா வந்த கட்டடக் கலைஞனின் மனைவி, முதல் பகுதியில் கடிதங்களின் குரலாக இருந்தவள், இரண்டாம் பகுதியில்தான் வந்து சேருகிறாள். நடுவில், அவளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், நம்மை அந்தப் புகைப்படத்தின் முன்னால் விட்டுவிட்டுப் போகிறார் டைரக்டர். வெளியே போகிறவன் போகலாம். உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதுவும் ஒரு ஷாட். மேற்கே மறந்துபோன ஒரு சீரை ஒருவர் மறுபடி கணக்கில் சேர்த்திருக்கிறார்.

ஆகவே என் பதில் இதுதான். மிக நீண்ட படங்களுக்கு இடைவேளை வேண்டும், எடுத்தவன் வைத்திருந்தால். வைக்காவிட்டால் கூடாது. தியேட்டர்காரனுக்கும் விநியோகஸ்தனுக்கும் பார்வையாளனுக்கும் இதில் சொல் இல்லை. மேற்கே இதைச் சொல்கிறவன் இடைவேளையைத் திரும்பக் கேட்க வேண்டும். இங்கே சொல்கிறவன் முதலில் அதை நிறுத்தக் கேட்க வேண்டும். எல்லாப் படத்துக்கும் கட்டாயமாகக் கிடைப்பதை எந்தக் கலைஞனும் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்வு இல்லாத இடத்தில் அர்த்தமும் இல்லை. நம் டைரக்டர்களில் ஒருவர் என்றாவது ஓர் இடைவேளையைக் குப்ரிக்கைப் போல உபயோகிக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் இன்னொருவர் இடைவேளை இல்லாமல் ஒரு படத்தைக் காட்டும் உரிமையைப் பெற்றிருக்க வேண்டும்.

இது நடக்குமா என்று நண்பர்கள் கேட்பார்கள். அலமாரியில் சோளப்பொரி இருக்கும் வரை நடக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு காரியம் நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசும்போது, முதல் பாதி என்று தொடங்காமல் இருக்கலாம். நானும் முயன்று பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. எவ்வளவு ஆழமாக வெட்டுப்பட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.